பீக் மேல் போட்ட கோடு

பொருளறிவியல் படித்தவர் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பிஎச்.டி. தீசிஸ் ஏதாவது ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது அல்லது நான்காவது அத்தியாயத்தில் அந்தப் படம் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு வளைகோடுகள், ஒவ்வொன்றிலும் ஊசி ஊசியாக நிமிர்ந்த பீக்குகள். கீழே டூ தீட்டா என்ற கோணம், 20 டிகிரி முதல் 80 டிகிரி வரை. வலது ஓரத்தில் ஒவ்வொரு வளைகோட்டின் தலைமாட்டிலும் கலந்த பொருளின் அளவு 0%, 1%, 3% என்று குறித்திருக்கும். இந்தப் பீக்குகளின் ஊடே மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடு ஓடும். பல படங்களில் சிவப்பு நிறத்தில்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். படத்துக்கு அழகு சேர்க்கப் போடுவது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அதைப் போடுவதற்கு எங்கள் கைடு என்னை எவ்வளவு கேள்வி கேட்டார் என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த காலத்தில், தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி இயற்பியல் துறைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் ஜிங்க் ஆக்சைடு காய்ச்சிக்கொண்டிருப்பார். காரணம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு போலந்து இயற்பியலாளர் டோமாஷ் டீட்டலும் அவருடைய கூட்டாளிகளும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 5 சதவீதம் மாங்கனீஸ் கலந்து, போதிய அளவு ஹோல்களும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களும்) இருந்துவிட்டால், ஜிங்க் ஆக்சைடும் காலியம் நைட்ரைடும் அறை வெப்பநிலைக்கு மேலேயும் காந்தமாக இருக்கும் என்றது அந்தக் கணக்கு. காலியம் நைட்ரைடு வளர்க்கக் கோடிக்கணக்கில் கருவி வேண்டும். ஜிங்க் ஆக்சைடுக்கு ஒரு பீக்கர், ஒரு ஹாட் பிளேட், ஒரு மஃபிள் ஃபர்னஸ் போதும். அப்புறம் கேட்க வேண்டுமா?

எங்கள் லேபிலும் அதுதான் நடந்தது. ஜிங்க் அசிடேட்டைக் கரைத்து, கணக்குப் பார்த்து மாங்கனீஸ் அசிடேட்டைச் சேர்த்து, ஸ்டிரர் சுழலச் சுழல சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். வீழ்படிவைக் கழுவுவதுதான் கொடுமை. காரம் போகும்வரை கழுவ வேண்டும், ஃபில்டர் பேப்பர் கிழியாமல் கழுவ வேண்டும். உலர்த்தி, அரைத்து, ஃபர்னஸில் வைத்து எடுத்தால் மாங்கனீஸ் இல்லாத தூள் வெள்ளை வெளேரென்று வரும். மாங்கனீஸ் கூடக்கூட மஞ்சளுக்குப் போய், அதைத் தாண்டிப் பழுப்புக்குப் போகும். நிறம் மாறியதைப் பார்த்தாலே வேலை முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் வந்துவிடும்.

ஆனால் நிறம் சாட்சி ஆகாது. மாங்கனீஸ் உண்மையிலேயே ஜிங்க் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை வேறொரு சேர்மமாக ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையான எக்ஸ்ஆர்டிதான் சொல்ல வேண்டும். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த இடத்தில் ஜிங்க் அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், மாங்கனீஸுக்கு 0.66. பெரிய ஆள் வந்து உட்கார்ந்தால் அணிக்கோவை விரியும். தளங்களுக்கு இடையே தூரம் கூடினால், பிராக் சமன்பாட்டின்படி கோணம் குறையும். ஆகவே பீக் இடப்பக்கம் நகர வேண்டும். ஒரு அத்தியாயமே அந்த நகர்வை நம்பி நின்றது.

நகர்வு எவ்வளவு என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். ஜிங்க் ஆக்சைடின் (002) தளத்தின் பீக், ஜேசிபிடிஎஸ் 36-1451 ஒப்பீட்டுக் கார்டின்படி, 34.42 டிகிரியில் இருக்கும். சி அச்சு 0.2 சதவீதம் நீண்டால் அது நகர்வது சுமார் 0.07 டிகிரி. 20 முதல் 80 வரையுள்ள அச்சை 12 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டால், அந்த 0.07 டிகிரி காகிதத்தில் 0.14 மி.மீ.தான். பால்பாயின்ட் பேனாக் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். முழுப் படத்தில் புள்ளிக்கோடு போட்டு “பீக் ஷிஃப்ட் தெளிவாகத் தெரிகிறது” என்று கீழே எழுதுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தெளிவாகத் தெரிவது அவர்களுடைய ஆசை.

சாம்பிளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, மார்க்கரில் எண் போட்டு, பஸ் ஏறி வெளியூர் மையத்தில் கொடுத்துவிட்டு வருவோம். தரவு சி.டி.யில் வரும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்; இரண்டே பத்தி; கோணம், எண்ணிக்கை. அந்தப் பத்திகளை உருவமாக மாற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஆரிஜின். மைக்ரோகேல் என்ற நிறுவனம் தன்னுடைய கலோரிமீட்டர்களில் வரும் தரவை வரைவதற்கென்று உண்டாக்கிய மென்பொருள் அது. பிறந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் என்றாலும், எங்கள் துறைகளில் அதற்கு இருந்த செல்வாக்கு அங்கேகூட இருந்திருக்குமா என்று தெரியவில்லை. “டேட்டா வந்துடுச்சா?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். “ஆரிஜின்ல போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

வளைகோடுகளை அடுக்குவது சுலபம். எல்லாப் பத்திகளையும் தேர்ந்தெடுத்து ஒய் ஆஃப்செட் கொடுத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றுகொள்ளும். ஒவ்வொரு வளைகோட்டிலும் பீக் எங்கே என்று கண்டுபிடிப்பதும் சுலபம். அதற்கென்று ஒரு வசதி உள்ளேயே உண்டு. இரண்டையும் சேர்க்கும்போதுதான் வில்லங்கம். ஆஃப்செட் என்பது திரைக்கு மட்டும். வொர்க்‌ஷீட்டில் எண்கள் பழைய இடத்திலேயே இருக்கும். கண்டுபிடித்த பீக் புள்ளிகளை அதே படத்தில் போட்டால், வளைகோடுகள் மாடியில் நிற்க, புள்ளிகள் எல்லாம் தரைத்தளத்தில் கூட்டமாக நிற்கும். அவற்றைக் கோட்டால் இணைத்தால் கீழே ஒரு மூலையில் நூல்கண்டு சிக்கியது போலச் சுருண்டு கிடக்கும்.

எங்கள் லேபில் சீனியர் அக்கா ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மென்பொருளின் ஆஃப்செட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு பத்தியையும் அதன் அதிகபட்ச எண்ணால் வகுத்து ஒன்றுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அடுத்து ‘செட் காலம் வேல்யூஸ்’ திறந்து, இரண்டாவது பத்தியோடு 1.2, மூன்றாவதோடு 2.4, நான்காவதோடு 3.6 என்று நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். உயரம் இப்போது எண்ணிலேயே ஏறிவிட்டது. பீக் இடங்களுக்குத் தனியாக ஒரு வொர்க்‌ஷீட்: முதல் பத்தியில் கோணம், இரண்டாவதில் அந்த வளைகோட்டின் உயரம் கூட்டிய பீக் எண். அதை ‘லைன் பிளஸ் சிம்பல்’ ஆக அதே லேயரில் சேர்த்தால், புள்ளி ஒவ்வொன்றும் அதனதன் பீக்கின் தலையில் போய் உட்காரும். கோடு உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும். அச்சை மாற்று, பெரிதாக்கு, சிறிதாக்கு, கோடு கூடவே வரும். தரவோடு பிறந்த கோடு அல்லவா?

வளைகோடு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியாக அடுக்குகிறவர்களுக்கு இதுவும் போதாது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி லேயர்; ஒரு லேயரின் கோடு அடுத்ததற்குள் நுழையாது. எல்லாப் பெட்டிகளையும் மூடுகிற மாதிரி மேலே வெறும் லேயர் ஒன்றைப் போட்டு, எக்ஸ் அச்சைக் கீழுள்ளவற்றோடு இணைத்து, அதில் கோட்டை வரைய வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத ஒரு அண்ணாவும் லேபில் இருந்தார். டூல்பாரில் கோடு வரையும் கருவியை எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, பீக்குகளின் மேல் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தக் கோடு வரைந்த இடத்தோடு ஒட்டியிருக்கும். தரவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோட்டின் பண்புகளுக்குள் போய் ‘அட்டாச் டு’ என்ற இடத்தில் ‘லேயர் அண்ட் ஸ்கேல்ஸ்’ என்று மாற்றியிருந்தால் தப்பித்திருப்பார். கருத்தரங்குக்கு முந்தின இரவு யாரோ சொன்னார்களென்று அச்சை 30–40 டிகிரிக்குச் சுருக்கினார். வளைகோடுகள் விரிந்து நகர்ந்தன. கோடுகள் மட்டும் நின்ற இடத்திலேயே, பீக்குக்கும் பீக்குக்கும் நடுவிலுள்ள வெட்டவெளியில் நின்றன. மறுநாள் அரங்கில் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். அவ்வளவு பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் அந்தக் கோடு பொருட்டாகப் படவில்லை.

வாட்டர்ஃபால் பிளாட் என்று ஒன்று உண்டு. வளைகோடுகளை மேலே தூக்குவதோடு பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கும். முப்பரிமாணம் மாதிரி இருக்கும். பார்க்க ஜோராக இருக்கும். அதில் பீக்குகளைக் கோட்டால் இணைத்தால், பீக் இம்மியும் நகராவிட்டாலும் கோடு சாய்ந்துதான் விழும். வாய்மொழித் தேர்வு ஒன்றில் வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் அந்த மாதிரிப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு டிகிரி நகர்ந்திருக்கே, இது ஜிங்க் ஆக்சைடா ரப்பரா?” என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. பதில் சொல்ல வேண்டியவருக்கு வியர்த்தது.

எங்கள் கைடு ஓய்வு பெற அப்போது சில வருடங்களே இருந்தன. கணினியில் அவருக்கு மெயில் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அவர் ஆய்வு செய்த காலத்தில் டிஃப்ராக்டோமீட்டரின் வெளியீடு சார்ட் ரிகார்டரில் வரும். காகிதச் சுருள் ஓட ஓட மைப்பேனா மேலும் கீழும் ஏறி இறங்கி பீக் வரையும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக்குறி விழும். அந்தச் சுருள்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். விளிம்பு பழுப்பேறி, மை மங்கி, ஆனால் குறிகள் தெளிவாக இருந்தன.

நான் முதல் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். (002) பீக் பகுதியை மட்டும் பெரிதாக்கி, 34.42-இல் செங்குத்தாகப் புள்ளிக்கோடு போட்டிருந்தேன். எல்லாப் பேப்பரிலும் அப்படித்தான் இருக்கும்.

“ஏம்மா, இந்தக் கோடு எதுக்கு?”

“பீக் ஷிஃப்ட் தெரியறதுக்கு சார்.”

“கோடு நேரா நிக்குது. ஷிஃப்ட் எங்க தெரியுது?”

“கோட்டுலேர்ந்து பீக் எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்தா தெரியும் சார்.”

“அப்ப கோடு சும்மா ஒரு அளவுகோல். சரி. அது வேணும்னா இருக்கட்டும். பீக் சொல்றதை ஒரு கோடா போட்டுக் கொண்டா. அது நேரா வருதா வளைஞ்சு வருதான்னு பாப்போம்.”

சொல்லிவிட்டு டின்னை இறக்கினார். சுருள்களை நீள மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக விரித்தார். ஓரத்து வெட்டுக்குறிகளை எல்லாச் சுருளிலும் ஒரே நேராகக் கொண்டுவந்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க, பிசிக்கல் பேலன்ஸின் எடைப்பெட்டியிலிருந்து பித்தளை எடைகளை எடுத்து முனைகளில் வைத்தார். தையல் நூல் ஒன்றை மேல் சுருளின் பீக்கில் குண்டூசியால் குத்தி, ஒவ்வொரு பீக்கின் உச்சியையும் தொடுகிறபடி கீழே கொண்டுவந்து கடைசிச் சுருளில் குத்தினார். இரண்டாவது நூல் இன்னொரு பீக்குக்கு. அது வலப்பக்கம் தள்ளி, பெரிய கோணத்தில். இரண்டு நூலும் சாய்ந்திருந்தன. வலப்பக்க நூல் கூடுதலாகச் சாய்ந்திருந்தது.

“ஏன் அது அதிகமா சாயுது?”

அந்தக் கேள்விக்கு விடை எம்.எஸ்சி. பாடத்தில் இருக்கிறது, எல்லோரும் தேர்வில் எழுதியும் இருக்கிறோம். பிராக் சமன்பாட்டை வகையிட்டால், தளத்தூரம் மாறும்போது கோணம் மாறும் அளவு டேன் தீட்டாவைப் பொறுத்தது என்று வரும். அணிக்கோவை எல்லாத் திசையிலும் 0.2 சதவீதம் விரிந்தால், 34.42-இல் இருக்கும் (002) சுமார் 0.07 டிகிரி நகரும், 67.96-இல் இருக்கும் (112) சுமார் 0.15 டிகிரி நகரும். இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது சாம்பிளை ஹோல்டரில் நிரப்புகிற வேலையை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் தூளைப் போட்டு, கண்ணாடிச் சில்லால் அழுத்தி, மட்டம் செய்ய வேண்டும். யார் நிரப்பினாலும் அது ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ போகும். சாம்பிளிலிருந்து டிடெக்டர் 150 மி.மீ. தூரத்தில் இருக்கும் கருவியில் தூளின் மேற்பரப்பு 0.1 மி.மீ. தாழ்ந்துவிட்டால், (002) பீக் எவ்வளவு நகரும்? சுமார் 0.07 டிகிரி. அதுவும் இடப்பக்கம். மாங்கனீஸ் உள்ளே போனால் எவ்வளவு நகருமோ அதே அளவு, அதே திசை! அணு புகுந்ததா, கண்ணாடிச் சில்லு கொஞ்சம் அழுந்தியதா என்று ஒரு பீக்கை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது பீக் சொல்லிவிடும். தூள் தாழ்ந்த குறை காஸ் தீட்டாவைப் பொறுத்தது. கோணம் கூடினால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். (112)-இல் அது 0.06 டிகிரிதான் நகர்த்தும். ஆக, வலப்பக்கக் கோடு இரண்டு மடங்கு சாய்ந்தால் அணிக்கோவை விரிந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்தால் தூள் தாழ்ந்திருக்கிறது. சார் நூலைக் கட்டியது இதற்காகத்தான்.

என் அறைக்குத் திரும்பி, அக்கா சொன்ன முறைப்படி இரண்டு கோடுகளைப் போட்டேன். இரண்டும் சாய்ந்தன, வலப்பக்கக் கோடு கூடுதலாகச் சாய்ந்தது. மாங்கனீஸ் உள்ளே போயிருக்கிறது. ஆனால் 3 சதவீத சாம்பிளில் மட்டும் இரண்டு கோடுகளும் முழங்கை மடித்த மாதிரி இடப்பக்கம் துருத்திக்கொண்டு, 5 சதவீதத்தில் திரும்பி வந்தன. துருத்தல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சார் பார்த்த உடனே, “இது மாங்கனீஸ் இல்லம்மா, ஹோல்டர்” என்றார். செங்குத்துப் புள்ளிக்கோடு மட்டும் இருந்திருந்தால் அந்த முழங்கை கண்ணில் பட்டிருக்காது. எல்லாம் பொதுவாக இடப்பக்கம் போகிறது என்ற அளவில் நின்றிருக்கும்.

உறுதி செய்ய சிலிக்கான் தூள் வேண்டியிருந்தது. அணிக்கோவை அளவு துல்லியமாகத் தெரிந்த சிலிக்கானைக் கொஞ்சம் சாம்பிளோடு கலந்துவிட்டால், அதன் பீக் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் கருவியின் குறையும் தூளின் குறையும் சேர்ந்த கணக்கு. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி இதற்கென்றே எஸ்ஆர்எம் 640 என்ற வரிசையில் சிலிக்கான் தூள் விற்கிறது. விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் பக்கத்து லேபில் ஒருவரிடம் ஒரு குப்பி இருந்தது. கேட்டால் ஒரு சிட்டிகை தருவார். ஜிங்க் ஆக்சைடுக்கு சிலிக்கான் பொருத்தமான ஜோடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கானின் 47.30 டிகிரி பீக் ஜிங்க் ஆக்சைடின் 47.54-ஐ ஒட்டி வந்து நிற்கும், 56.12 பீக் 56.60-ன் தோளில் சாயும். 69 டிகிரி அருகே இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 28.44-இல் இருக்கும் முதல் பீக் மட்டும் யாரும் இல்லாத இடத்தில் தனியாக நிற்கும். எங்களுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. அகேட் உரலில் அரைத்துக் கலந்து மறுபடி எடுத்துப் பார்த்தோம். விலகலைக் கழித்ததும் முழங்கை நிமிர்ந்துவிட்டது.

அதோடு சார் விட்டாரா என்றால் இல்லை. அடுத்த கேள்வி இன்னும் பொல்லாதது. “அஞ்சு வளைகோட்டிலயும் நீ தொட்டிருக்கிறது ஒரே ஆளைத்தானா?”

பீக்கோடு பீக்கை இணைக்கும்போது நாம் சத்தமில்லாமல் ஒன்றைச் சத்தியம் செய்கிறோம்: மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே தளத்தின் பீக் என்று. ஜிங்க் ஆக்சைடின் மிக வலுவான பீக் 36.25-இல் இருக்கும் (101). பார்க்க உயரமாக இருப்பதால் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மாங்கனீஸ் அதிகமாகி ஜிங்க் மாங்கனைட் என்ற ஸ்பினல் உருவானால், அதன் வலுவான பீக்கும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து விழும். கீழே ஜிங்க் ஆக்சைடாக இருப்பவர் மேலே போகப் போக வேறு ஒருவரையும் தோளில் சுமந்துகொண்டிருக்கலாம். கோடு மட்டும் கவலையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். (002)-ஐயும் (112)-ஐயும் நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

உச்சி எது என்பதே தகராறான விஷயம். தரவு 0.02 டிகிரிக்கு ஒரு புள்ளி என்று எடுத்திருப்பார்கள். மிக உயர்ந்த புள்ளியை பீக் என்று மென்பொருள் காட்டினால், அது 0.02-இன் மடங்குகளில்தான் நகரும். ஒரு இரைச்சல் புள்ளி தலைதூக்கினால் அதையே உச்சி என்று சொல்லிவிடும். போதாததற்கு, செம்புக் கதிரில் கே-ஆல்ஃபா-1, கே-ஆல்ஃபா-2 என்று இரட்டையர். 1.5406 ஆங்ஸ்ட்ராமும் 1.5444 ஆங்ஸ்ட்ராமும். 68 டிகிரியில் இந்த இரண்டும் 0.19 டிகிரி விலகி விழும். நானோ துகள்களில் பீக் அகலமாக இருப்பதால் இரண்டும் கலந்து வலப்பக்கம் ஒரு சரிவாகத் தெரியும். ஆகவே சூடோ-வாய்ட் வளைவைப் பொருத்தி, இரட்டையரைப் பிரித்து, மையத்தை எடுத்தேன். சலிப்பான வேலை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஒரு நாள் சார் ஒரு ஜெராக்ஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி 1913 டிசம்பரில் ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் வெளியிட்ட படம். கால்சியம், டைட்டானியம், வனேடியம், குரோமியம் என்று தொடங்கிச் செம்புவரை ஒவ்வொரு தனிமத்தின் எக்ஸ்-கதிர்க் கோடுகளைப் பதிவு செய்த புகைப்படத் துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கருங்கோடுகள்: கே-ஆல்ஃபா, கே-பீட்டா. படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு படியும் ஒரே சீராக இறங்குகிறது. எந்தக் கோடும் மேலே வரையவில்லை. கண் தானாகவே வரைந்துகொள்கிறது.

கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவில் ஒரு படி குறைவு. அது ஸ்காண்டியத்தின் இடம். அந்த வரிசையில் அவர் அதை அளக்கவில்லை, ஆனால் இடம் தானாகவே காலியாக நின்றது. அணு எடையை மட்டும் பார்த்தால் நிக்கல் முன்னால், கோபால்ட் பின்னால் வர வேண்டும். படிக்கட்டு அதை மறுத்து கோபால்ட்டை முன்னால் வைத்தது. தனிமங்களின் வரிசை எடையால் வருவதில்லை, அணு எண்ணால் வருகிறது என்று சோதனையில் நிலைநாட்டிய படம் அது. அடுத்த ஆண்டு இந்த முறையைத் தங்கம்வரை கொண்டுபோய், 43, 61, 75 ஆகிய எண்களில் ஆள் இல்லை என்றும் சொன்னார். 43-ஆவது 1937-இல்தான் அகப்பட்டது. மோஸ்லி அதைப் பார்க்க இருக்கவில்லை. 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிப்போலிப் போர்முனையில், 27 வயதில், குண்டடிபட்டு இறந்தார்.

படத்தின் அடிமட்டத்தில் பித்தளை. தனிமங்களுக்கு நடுவில் உலோகக் கலவைக்கு என்ன வேலை என்று கேட்டேன். “ஜிங்க் சூட்டுல ஆவியாப் போயிடும்மா. அதான் பித்தளையா வச்சு எடுத்தான். பாரு, அதுல நாலு கோடு இருக்கு. செம்புக்கு ரெண்டு, ஜிங்குக்கு ரெண்டு” என்றார். மேல் துண்டில் இருக்கும் செம்புக் கோட்டிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்கினார். பித்தளைத் துண்டில் செம்பின் கே-ஆல்ஃபா அதே இடத்தில், துளியும் நகராமல் இருந்தது. அந்தப் பித்தளைத் துண்டுக்குள்ளேயே ஒரு அளவுகோலும் இருந்தது. சிலிக்கான் தூளை எங்கள் சாம்பிளில் கலந்ததும் இந்த யோசனைதான். அந்தச் செம்புக் கோடுதான் இன்றைக்கு நம் ஊர் எக்ஸ்ஆர்டி கருவிகள் பெரும்பாலானவற்றில் சாம்பிளின் மேல் விழும் கதிரும்.

இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் ஆரிஜினையே கிழவன் என்கிறார்கள். எல்லாம் பைத்தான். சைப்பையில் ‘ஃபைண்ட் பீக்ஸ்’ என்று ஒரு வரி, மேட்பிளாட்லிப்பில் நாலு வரி, படம் தயார். ஒரு பையன் அடுக்கு வளைகோடுகள் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டோடு வருவான். சிபி 1919 என்ற பல்சாரின் துடிப்புகள் அவை. ஹெரால்ட் கிராஃப்ட் 1970-இல் எழுதிய தீசிஸில் இருந்த படம், 1979-இல் ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழுவின் ஆல்பம் அட்டையாகி உலகம் சுற்றியது. தீசிஸ் படம் சட்டையாகிற பாக்கியம் வேறு யாருக்கும் கிடைத்த மாதிரித் தெரியவில்லை.

அந்தப் பையன் பைத்தானில் போட்ட எக்ஸ்ஆர்டி படத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கோடுகள் மூன்று வளைகோடுவரை ஒழுங்காக ஏறி, நான்காவதில் எல்லாமே ஒரே தாவாக இடப்பக்க பீக்குக்குத் தாவியிருந்தன. 47 டிகிரியில் போய்க்கொண்டிருந்த கோடு 36-க்கும், 56-இல் இருந்தது 47-க்கும் குதித்திருந்தன. நிரல் முதல் பீக்கோடு முதல் பீக், இரண்டாவதோடு இரண்டாவது என்று வரிசை எண்ணைப் பார்த்து இணைத்திருக்கிறது. நான்காவது வளைகோட்டின் தொடக்கத்தில் ஒரு இரைச்சல் புள்ளி பீக்காக எண்ணப்பட்டுவிட, அதற்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். கணினிக்குத் தளமும் தெரியாது, தனிமமும் தெரியாது. அதற்கு எண்தான் தெரியும். கோணத்தில் ஒரு எல்லை கொடுத்து, அதற்குள் இருக்கும் பீக்கை மட்டும் இணைக்கச் சொன்னேன். பிறகு (112)-க்கும் ஒரு கோடு போட்டுக் கொண்டு வரச் சொன்னேன். “ஒண்ணு போதாதா மேம்?” என்றான்.

ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடக் கேட்டு வரும்போது நான் முதலில் தேடுவது இந்தப் படத்தைத்தான். ஒற்றைச் செங்குத்துக் கோடு போட்டு, பீக் இடங்களுக்கு எண்ணும் கொடுக்காமல், சிலிக்கான் போன்ற அகத்தரம் ஏதும் கலக்காமல் 0.05 டிகிரி நகர்வை வைத்து மாங்கனீஸ் உள்ளே போய்விட்டது என்று எழுதியிருந்தால், திருப்பி அனுப்பிவிடுகிறேன். கடுமை என்று சொல்கிறார்கள். இருக்கட்டும்.

தீசிஸ் எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் சாம்பிளை எக்ஸ்ஆர்டிக்குக் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்து லேபில் கேட்டுப் பாருங்கள். சிலிக்கான் தூள் ஒரு குப்பி எங்கேயாவது இருக்கும். இல்லையென்றால், சிறிய கோணத்தில் ஒன்றும் பெரிய கோணத்தில் ஒன்றுமாக இரண்டு பீக்குகளையாவது கோட்டால் இணைத்து, ஒவ்வொரு பீக்கின் இடத்தையும் எண்ணாகப் படத்துக்குக் கீழே கொடுத்துவிடுங்கள்.